செய்தவர் யார்?
ஆங்கில எழுத்தில் செயப்பாட்டு வினையைத் திருத்தும் முறை

தொடருக்கு உயிராய் நிற்பது வினை. அவ்வினையைச் செய்தவர் இன்னார் என்று முன்னிறுத்துவது செய்வினை. செயப்படுபொருளை எழுவாயாக்கிச் செய்தவரைப் பின்னுக்குத் தள்ளுவது செயப்பாட்டு வினை. 'கொத்தனார் சுவரைக் கட்டினார்' என்பது முன்னது. 'சுவர் கொத்தனாரால் கட்டப்பட்டது' என்பது பின்னது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சியைப் பள்ளியிலேயே பெற்றுவிடுகின்றோம். ஆயினும் எவ்விடத்தில் மாற்றலாம், எவ்விடத்தில் மாற்றலாகாது என்னும் தெளிவை அப்பயிற்சி தருவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், ஆங்கிலத்தில் விடையும் விண்ணப்பமும் எழுதத் தொடங்கும்போது இக்குறை வெளிப்படுகின்றது. அதனைக் களையும் வழியை ஈண்டுக் காண்போம்.

மூன்று மொழிகளின் இயல்பு

தமிழில் செயப்பாட்டு வினை அருகியே வழங்குவது. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் மரபென ஏற்றுக்கொண்டார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, 'திண்ணை மெழுகிற்று' என்பது அவ்வகை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டு வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளுக்கெனத் தனியான செயப்பாட்டு வினை வடிவம் இல்லை என்றும், 'படு' என்னும் துணைவினையே அப்பணியைச் செய்கின்றது என்றும் விளக்கினார். 'தச்சர் செய்த நாற்காலி' என்பதே நம் பேச்சு. 'தச்சரால் செய்யப்பட்ட நாற்காலி' என்று வீட்டில் எவரும் பேசுவதில்லை.

அரபு மொழியில் செயப்பாட்டு வினைக்கு 'மஜ்ஹூல்' என்று பெயர். 'அறியப்படாதது' என்பது அதன் பொருள். செய்தவர் அறியப்படாத வினை என்பதனால் அப்பெயர் பெற்றது. மதரசாவில் சர்பு இலக்கணம் ஓதிய பெரியோர் இதனை நன்கறிவர். செய்தவர் தெரியாத இடத்திற்கு உரியது இவ்வடிவம் என்பதை அப்பெயரே உணர்த்திவிடுகின்றது.

ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை இயல்பாகவே மிகுதி. எனினும் அம்மொழியின் அறிஞர்களும் அதற்கு எல்லை வகுத்துள்ளனர். பீகாரில் உள்ள மோதிகாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், செய்வினை இயலுமிடத்துச் செயப்பாட்டு வினையை ஆளாதீர் என்பதை ஒரு விதியாகவே வைத்தார்.

நால்வகைப் பிழைகள்

மாணவர் எழுத்தில் காணும் இடர்ப்பாடுகளை நால்வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, செயப்பாடு ஏலா வினையைச் செயப்பாடாக்குதல். 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் நியர் திண்டிவனம்' என்று எழுதுகின்றனர். ஹேப்பன், அக்கர், அரைவ், டை ஆகியவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். அவற்றைச் செயப்பாடாக்க இயலாது. 'வாஸ்' என்பதை நீக்கிவிடின் தொடர் செம்மையுறும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழில் 'நின்றது', 'நிறுத்தினார்' என்றும், 'உடைந்தது', 'உடைத்தார்' என்றும் வினைகள் இணை இணையாக அமைந்துள்ளன. ஆங்கிலத்திலோ 'ஸ்டாப்டு', 'ப்ரோக்' ஆகிய ஒவ்வொரு சொல்லுமே இரு பொருளுக்கும் வரும். 'ஸ்டாப்டு' என்றால் நிறுத்தினார் என்று மட்டும் மனத்திற் கொண்ட மாணவர், பேருந்து தானே நின்றதையும் 'தி பஸ் வாஸ் ஸ்டாப்டு' என்று எழுதிவிடுகின்றார். அதனைப் படிப்பவர், காவலரோ வேறு எவரோ மறித்து நிறுத்தினர் என்று பொருள் கொள்வர். 'தி பஸ் ஸ்டாப்டு அட் விழுப்புரம்' என்பதே போதுமானது.

இரண்டாவது, துணைவினைகளைக் குவித்தல். 'தி ஹால் ஹேஸ் பீன் பீயிங் பில்ட் ஃபார் டூ இயர்ஸ்' என்னும் தொடர் இலக்கணப் பிழையுடையதன்று. ஆயினும் நாவும் செவியும் இடறுகின்றன. செய்பவரைக் கொணர்ந்து, 'தே ஹேவ் பீன் பில்டிங் தி ஹால் ஃபார் டூ இயர்ஸ்' என்றால் இடர் தீர்கின்றது.

மூன்றாவது, இரட்டைச் செயப்பாடு. 'தி ரோடு வாஸ் அட்டெம்ப்டட் டு பி ரிப்பேர்டு' என்பது காட்டு. முயன்றவர் ஊரார், செப்பனிட வேண்டியது சாலை. இரண்டையும் செயப்பாடாக்கியதனால் சாலையே முயலப்பட்டது போன்ற மயக்கம் தோன்றுகின்றது. ஃபௌலர் என்பார் 1926ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இதற்கெனத் தனித் தலைப்பே அமைத்துக் கண்டித்துள்ளார். 'தி வில்லேஜர்ஸ் ட்ரைட் டு ரிப்பேர் தி ரோடு' என்பது திருந்திய வடிவம்.

நான்காவது, செய்தவரை மறைத்தல். 'இட் வாஸ் டிசைடட்', 'இட் இஸ் ரெக்வெஸ்டட்' என்பன இவ்வகையின. இலக்கணம் இவற்றைத் தடுப்பதில்லை. முடிவெடுத்தவர் யார், வேண்டுபவர் யார் என்பது மட்டும் மறைந்துவிடுகின்றது. பிற மூன்றினும் இதுவே மிகுந்த தீங்கு பயப்பது.

மனுவும் மறுமொழியும்

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆட்சித்துறைக்குத் தமிழ் வந்தபோது, ஆங்கிலக் கோப்புகளின் நடையும் மொழிபெயர்ப்பாக உடன் வந்தது. 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது', 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்' என்னும் தொடர்கள் அவ்வழி வேரூன்றின.

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு அளிக்கச் செல்லும் உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 'எனக்குப் பட்டா மாற்றம் செய்யப்படவில்லை' என்று மனுவில் எழுதுகின்றார். யார் செய்யவில்லை, எந்நாளிலிருந்து செய்யவில்லை என்பது அதில் இல்லை. 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்னும் மறுமொழி வருகின்றது. அதிலும் யார், எப்பொழுது என்பது இல்லை. இருபுறமும் செய்பவர் இல்லாமையால், அவர் அடுத்து யாரிடம் செல்வது என்பதறியாது நிற்கின்றார்.

அம்மனுவையே, 'வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்ன நாளில் நான் விண்ணப்பம் கொடுத்தேன். அலுவலகம் இன்னும் ஆணை வழங்கவில்லை' என்று எழுதினால் பொறுப்பு உரிய இடத்தைச் சென்றடையும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்நோக்கினையே உடையது. பொதுவாக 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளித்தல் வேண்டும். வேண்டுகோளை மறுத்தால் அதற்குரிய காரணத்தையும், மேல்முறையீட்டுக்குரிய காலவரம்பையும், மேல்முறையீட்டு அலுவலர் பற்றிய விவரத்தையும் தெரிவித்தல் வேண்டும். செய்பவரைத் தெளிவாகச் சுட்டி வினவத் தெரிந்தவர்க்கே இச்சட்டத்தின் பயன் முழுமையாகக் கிட்டும்.

நம் சங்கங்களின், ஜமாஅத்துகளின் நடவடிக்கைக் குறிப்பேடுகளுக்கும் இது பொருந்தும். 'கணக்கு சமர்ப்பிக்கப்பட்டு ஏற்கப்பட்டது' என்று எழுதுவதினும், 'பொருளாளர் கணக்கைப் படித்தார். உறுப்பினர் அனைவரும் ஏற்றனர்' என்று எழுதுதல் பிற்காலத்தில் எழும் ஐயங்களைத் தவிர்க்கும்.

ஏற்புடைய இடங்கள்

செயப்பாட்டு வினையை அறவே விலக்குதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. 'நேற்றிரவு கடை கொள்ளையடிக்கப்பட்டது' என்னுமிடத்துச் செய்தவர் தெரியாமையால் அவ்வடிவமே பொருந்தும். 'விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது' என்னுமிடத்துப் பிரித்தது அரசு என்பது வெளிப்படை. ஆய்வகக் குறிப்பில் 'கரைசல் சூடாக்கப்பட்டது' என்பதும் நெடுநாளைய வழக்கு. எனினும் 'நேச்சர்' போன்ற அறிவியல் இதழ்கள் ஆய்வாளரிடம் செய்வினை நடையையே இன்று விரும்புகின்றன.

திருத்தும் வழி

எழுதி முடித்தபின் ஒவ்வொரு செயப்பாட்டுத் தொடரையும் மூன்று வினாக்களால் சோதித்துப் பார்க்கலாம். இவ்வினை செயப்பாட்டை ஏற்குமா? செய்தவரை நான் அறிவேனா? அறிந்தால், படிப்பவருக்கு அவரைக் கூறுதல் இன்றியமையாததா? முதல் வினாவிற்கு 'இல்லை' என்றாலும், பின்னிரண்டிற்கும் 'ஆம்' என்றாலும் தொடரைச் செய்வினையாக மாற்றுக. பின்னர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க. நாத் தடுமாறும் இடத்தில் துணைவினைகள் மிகுந்திருக்கும், அவற்றைக் குறைக்க.

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், 'ஐ ரெக்வெஸ்ட் யூ டு கன்சிடர் மை அப்ளிகேஷன்' என்று எழுதுவதில் பணிவுக் குறைவு ஏதுமில்லை. கேட்பவர் தாம் என்று கூறுவது நேர்மை. கேட்கப்படுபவர் இன்னார் என்று சுட்டுவது தெளிவு. மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் தம் ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் ஒருங்கே பழகி, தம் ஊராருக்கு மனு எழுதித் தரும் பணியிலும் பயன்படுத்துவார்களாக.