செகண்ட் டிவிஷன் சிங்கங்கள்!

ஜனவரி மாத விடியற்காலையில் எமரால்டு பக்கம் வந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை வாங்க பாஸ்... ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப், கொஞ்சம் தைரியம் போதும்! ஊட்டியிலிருந்து பஸ் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம். கேரட் தோட்டம், உருளைக்கிழங்குத் தோட்டம், டீ தோட்டம் எல்லாம் தாண்டினால் ஏரி. அதன் கரைப் புல்வெளியில் யாரோ உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டின மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கும் உறைபனி!

டூரிஸ்ட்டுகள் 'மினி காஷ்மீர்'னு குதிப்பாங்க. தேயிலை வைத்திருக்கும் எங்க ஊர்க்காரங்க, 'இந்த வருஷமும் கொழுந்து கருகிடுச்சே'ன்னு தலையில் கை வைப்பாங்க. பனி ஒன்றுதான். பார்க்கிற கண்ணு வேற!

இந்தப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அந்தப் புல்வெளியில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் சித்தப்பா பையன். ப்ளஸ் ஒன் படிக்கிறான். ஹாக்கின்னா உயிர். ஆனா, அன்னிக்கு அவன் முகம் கருகின தேயிலை மாதிரி இருந்தது. ஸ்கூல் டீம் செலக்‌ஷனில் அவனை 'பி' டீமில் போட்டுவிட்டார்களாம்.

''இனி ஸ்டிக்கைத் தொடவே மாட்டேண்ணா. 'பி' டீம்ல ஆடுறதுக்கு சும்மா இருக்கலாம்.''

நான் என்ன சொல்ல? கவுன்சலிங்கில் கேட்ட காலேஜ் கிடைக்காமல், கிடைத்த காலேஜில், கிடைத்த பிராஞ்ச்சில் படித்துக்கொண்டிருக்கும் 'பி' டீம் ஆசாமி நானே! 'எந்த காலேஜ் தம்பி?' என்று யாராவது கேட்டால், பெயரைச் சொல்லாமல் 'கோயம்புத்தூர் பக்கம் அங்கிள்' என்று நழுவுகிறவன்.

அதனால் அட்வைஸ் பண்ணாமல், செல்போனை எடுத்து ஒரு மேட்ச் வீடியோ போட்டுக் காட்டினேன். ஐஸ் ஹாக்கி!

கனடாவுக்கே தண்ணி காட்டிய கதை!

அது 2024 டிசம்பர் 27. இடம், கனடாவின் தலைநகர் ஒட்டாவா. இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப். கனடாவில் ஐஸ் ஹாக்கி என்றால் நம்ம ஊரில் கிரிக்கெட் மாதிரி. அதுவும் சொந்த மண்ணில் மேட்ச். எதிரில் லாட்வியா. மொத்த நாட்டின் ஜனத்தொகையே இருபது லட்சத்துக்கும் குறைவு!

கனடா பசங்க அடிக்கிறாங்க, அடிக்கிறாங்க, அடிச்சுக்கிட்டே இருக்காங்க. லாட்வியா கோல்கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் தடுத்தது மட்டும் 55 ஷாட்! 2-2 என்று சமன். கடைசியில் ஷூட் அவுட்டில் 3-2 என்று லாட்வியா ஜெயித்தது. ஸ்டேடியமே சைலன்ட்.

''செம டீம்ணா!'' என்றான் தம்பி.

''இந்த செம டீம் 2021 டிசம்பர்ல எங்கே இருந்தது தெரியுமா? செகண்ட் டிவிஷன்ல!''

அது என்ன செகண்ட் டிவிஷன்?

ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் மேல் தட்டில் பத்தே பத்து நாடுகள்தான். வருஷா வருஷம் டிசம்பர் 26-ம் தேதி தொடங்கி, புது வருஷம் பிறந்து சில நாள் வரை நடக்கும். டி.வி., ஸ்பான்சர், கூட்டம் எல்லாம் அங்கேதான்.

அதற்கு ஒரு படி கீழே 'டிவிஷன் 1'. அதில் 'ஏ', 'பி' என்று ரெண்டு குரூப். குரூப்புக்கு ஆறு டீம். அதற்கும் கீழே டிவிஷன் 2, டிவிஷன் 3 என்று படிகள் இறங்கிக்கொண்டே போகும். 'ஏ' குரூப்பில் முதலில் வருகிற டீம் அடுத்த வருஷம் மேல் தட்டுக்கு ஏறும். மேல் தட்டில் கடைசியில் நிற்கிற டீம் இறங்கி வரும். நம்ம பாஷையில் சொன்னால், ஒரே ஒரு சீட்... அதற்கு ஆறு பேர் போட்டி!

2024 டிசம்பரில் இந்த 'ஏ' குரூப் போட்டி ஸ்லோவேனியாவின் ப்ளெட் என்ற ஊரில் நடந்தது. நம்ம எமரால்டு மாதிரியே மலை சூழ்ந்த ஒரு ஏரிக்கரை ஊர். அங்கே ஜெயித்த டென்மார்க், 2026-க்கான மேல் தட்டு போட்டிக்குத் தேர்வானது. அதே சீசனில் ஒட்டாவாவில் கடைசியில் நின்ற கஜகஸ்தான் கீழே இறங்கியது. ஏறவும் இறங்கவும் ஒரே ஏணிதான்.

லாட்வியா கதை இன்னும் சுவாரஸ்யம். 2021-ல் அந்தச் செகண்ட் டிவிஷனில்கூட அவர்களுக்கு முதல் இடம் கிடைக்கவில்லை. அப்புறம் 2022-ல் ரஷ்யாவை நீக்கியதால் மேலே ஒரு இடம் காலியானது. கவுன்சலிங்கில் கடைசி ரவுண்டில் யாரோ விட்டுப்போன சீட் கிடைக்கிற மாதிரி, அந்த இடம் லாட்வியாவுக்கு! கிடைத்த சீட்டை வீணாக்கவில்லை. அந்த ஆகஸ்ட்டிலேயே காலிறுதி வரை போனார்கள். அதற்கடுத்த மூணாவது சீசனில்தான் கனடா அவுட்.

செகண்ட் டிவிஷனில் இருந்த நாளெல்லாம் அவர்கள் சும்மா இருந்திருந்தால், காலி சீட் வந்தபோது உட்கார ஆள் இருந்திருக்காது. பாயின்ட் அதுதான் பாஸ்!

நம்ம ஏரி ஏன் உறையலை?

''அண்ணா, நம்ம ஏரி உறைஞ்சா நாமளும் இதை விளையாடலாம்ல?'' தம்பி கேட்டான்.

ஆஹா... இன்ஜினீயரிங் மாணவனிடம் கேட்கக் கூடாத கேள்வி! கேட்டுட்டான், சொல்லித்தான் ஆகணும்.

தண்ணீர் குளிரக் குளிர கனமாகி அடியில் போகும். ஆனா 4 டிகிரி வரைக்கும்தான். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே மிதக்கும். அதாவது, முழு ஏரியும் 4 டிகிரிக்கு இறங்கின பிறகுதான் மேல்பரப்பு உறைய ஆரம்பிக்கும். எமரால்டில் பூஜ்யம் டிகிரி எட்டிப் பார்ப்பது சில மணி நேரம்தான். ஒன்பது மணி வெயிலில் எல்லாம் காலி. புல்லுக்கும் பக்கெட் தண்ணிக்கும் அது போதும். இவ்வளவு பெரிய அணைக்குப் போதவே போதாது. லே-யில் குளிர்காலம் முழுக்க ராத்திரிகள் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடக்கும். அதனால் அங்கே குளமே மைதானம்.

குளம் இல்லாத ஊரில் மெஷின்தான். கான்க்ரீட் தளத்துக்குள் பைப் வரிசை. அதில் உறையாத உப்புக் கரைசல், பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே ஓடும். மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து மூணு சென்டிமீட்டர் அளவுக்கு ஐஸ். வீட்டு ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டு அறுபது மீட்டருக்கு இழுத்த மாதிரி! தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் மன்னிக்கவும்.

இதில் பெரிய தொல்லை, கரன்ட் பில். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காக உள் அரங்க ஐஸ் மைதானம் கட்டினார்கள். 2012-ல் ஆசிய சேலஞ்ச் கப் ஐஸ் ஹாக்கியும் அங்கே நடந்தது. அப்புறம் கரன்ட் செலவு, பராமரிப்புச் செலவு தாங்காமல் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2025-ல்தான் மறுபடி உயிர் வந்து, ஆகஸ்ட்டில் ஆசிய அளவிலான ஷார்ட் ட்ராக் ஸ்கேட்டிங் நடந்தது.

இதில் ஒரு காமெடி. எங்க எமரால்டு அணை, குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதி. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அதற்கு உதவி செய்த நாடு எது தெரியுமா? சாட்சாத் கனடா! கரன்ட்டைக் கொடுத்துவிட்டு ஹாக்கியைக் கொடுக்காமல் போய்விட்டார்கள்!

ராணுவ பூட்ஸில் இரும்புப் பட்டை

இந்தியா 1989-லேயே சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்துவிட்டது. ஆனா, ஜூனியர் உலக சாம்பியன்ஷிப் ஏணியில் இன்னும் முதல் படியில்கூட கால் வைத்ததில்லை. நமக்கு இருந்தது ஆசியப் போட்டிகள்தான். அதிலும் சேலஞ்ச் கப்பின் செகண்ட் டிவிஷனில் ஆடிய வருஷங்கள் உண்டு.

ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் லடாக் பசங்க. அங்கே இந்த விளையாட்டு ஆரம்பித்த காலத்தில் ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புப் பட்டை அடித்துக்கொண்டு உறைந்த குளத்தில் இறங்கினார்கள். சீசன் என்பதே சுமார் ரெண்டு மாசம். வெயில் வந்தால் மைதானமே உருகிவிடும்! 2015-ல் குவைத்தில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போக ஆண்கள் அணி, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டது. இந்திய ஜெர்ஸி போட உண்டியல் குலுக்க வேண்டிய நிலைமை.

பெண்கள் அணி 2016-ல் தைபேயில் முதல் தடவையாக சர்வதேசப் போட்டியில் இறங்கியது. ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தியது. அதுதான் முதல் வெற்றி. 2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம்! ஜீரோவில் ஆரம்பித்து பதக்கம் வரை ஒன்பது வருஷம். நடுவில் ஒரே ஒரு வருஷம் 'நமக்கு எதுக்கு வம்பு'ன்னு விட்டிருந்தாலும் இந்த வெண்கலம் இல்லை.

ஐஸ் இல்லாமலும் ஆரம்பிக்கலாம்!

'லடாக் ஓகே... நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? சம்பந்தம் சக்கரத்தில் இருக்கிறது.

ஆனந்த்குமார் வேல்குமார் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னைக்காரர். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், சக்கர ஸ்கேட்ஸில் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட் தங்கம். அந்தப் போட்டியில் ஓர் இந்தியர் உலக சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை. அதற்கு முன்னால் 2021-ல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. ஒரே நாளில் வந்த தங்கம் இல்லை சார்!

சக்கரத்தில் கற்ற பேலன்ஸ் ஐஸுக்கும் உதவும். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கர ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர். பனியே பார்க்காத ஃபுளோரிடா பெண். மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் பட்டதாரி. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஐஸில் 500 மீட்டர் தங்கம் அவருக்குத்தான். ஐஸ் ஹாக்கியிலேயே உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவின் ஆஸ்டன் மேத்யூஸ், அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்தவர். 2016-ல் என்.ஹெச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். பாலைவனத்திலிருந்து ஐஸ் ஹாக்கி வீரர் வர முடியும் என்றால், உறைபனி விழும் எங்க ஊரிலிருந்து ஏன் வரக் கூடாது?

கடைசியா ஒரு ரிசல்ட்!

வெயில் ஏறியது. உறைபனி உருகி, புல்லெல்லாம் சொட்டச் சொட்ட நின்றது. தம்பி எதுவும் பேசாமல் நடந்து வந்தான். வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி...

''அந்த லாட்வியா பசங்க, செகண்ட் டிவிஷன்ல இருந்தப்ப கேவலமா ஃபீல் பண்ணியிருப்பாங்களாண்ணா?''

''பண்ணியிருப்பாங்கடா. ஆனா, அடுத்த நாள் பிராக்டீஸுக்குப் போயிருப்பாங்க.''

நான் கோவைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். கதவு மூலையில் சாத்தியிருந்த ஹாக்கி ஸ்டிக்கைக் காணோம். ''ஆறு மணிக்கே கிளம்பிட்டான்பா... 'பி' டீம் பிராக்டீஸாம்'' என்று டீ கொடுத்தார் சித்தி.

பஸ்ஸில் ஊட்டி வரைக்கும் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். ''எந்த காலேஜ் தம்பி?'' என்று கேட்டார்.

இந்த முறை நழுவவில்லை. முழுப் பெயரையும் சொன்னேன். ''அப்படியா, நல்லாப் படிப்பா'' என்றார். அவ்வளவுதான். இதுக்கா மூணு வருஷமா பயந்தேன்?

உங்க காலேஜிலும் ஒரு 'பி' டீம் இருக்கும். இந்த வாரம் அவங்க மேட்ச்சுக்கு ஒரு தடவை போய்க் கை தட்டிட்டு வாங்களேன்!