கடைப் பொம்மையின் முதுகுப் பக்கம்

திருகோணமலைக் கரையில் இழுத்து வைத்திருக்கும் பைபர் படகும், புடவைக்கடை வாசலில் சாறி உடுத்தி நிற்கும் பைபர் பொம்மையும் ஏறக்குறைய ஒரே முறையில் செய்யப்படுபவை. அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பூசி, இறுகியதும் உரித்தெடுத்தால் உள்ளே வெறும் கூடுதான். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொம்மைக்கு மெழுகில் முகம் வைத்தார்கள். கடை விளக்கின் சூட்டுக்கே அது இளகிவிடும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை, உப்புக்காற்றும் அதை அரிக்காது. தாங்கி நிற்கும் இரும்புக் கம்பி துருவேறித் துணியில் கறை வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். படகின் வடிவத்தைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. பொம்மையின் வடிவத்தைத் துணி தீர்மானிக்கிறது. அந்த வடிவத்தை மனித உடம்புக்கு அளவுகோலாக்குவதுதான் பிழை.

பொம்மைக்கு உடுத்தும் விதத்தைக் கவனித்தால் இது விளங்கும். இடுப்பில் உடம்பு இரண்டாகக் கழலும், தோளில் கை கழலும். சட்டையை உடம்பில் மாட்டிய பிறகே கையை உள்ளே நுழைத்துப் பூட்டுவார்கள். சாறியின் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவி ஊசி குத்துவார்கள். நடக்காத, மூச்சுவிடாத உடம்பு என்பதால் மடிப்பு மாலைவரை கலையாது. தைத்த உடுப்பு என்றால் மிஞ்சிய துணியை முதுகுப் பக்கம் இழுத்துக் கிளிப் போடுவார்கள். முன்னால் கச்சிதமாகத் தெரிவது அந்தக் கிளிப்பின் வேலை.

மெலிந்த பொம்மையில் துணி நன்றாக விழும், எந்த அளவு உடுப்பையும் பின்னால் இறுக்கிவிடலாம், பருத்த பொம்மைக்குச் சின்ன உடுப்பு ஏறாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தைத்த உடுப்பைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 2017இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு இங்கிலாந்து நகரங்களின் கடைகளில் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட பெண் பொம்மைகள் அத்தனையும், மனிதராக இருந்தால் எடை குறைந்தவர் என்று கணிக்கப்படும் அளவிலேயே இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் திருகோணமலையில் சாறி, அபாயா, ஒசரி எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. சாறியும் ஒசரியும் தைக்காத துணி, எந்த உடம்புக்கும் இசைந்து கொடுக்கும். அபாயாவோ தளர்வாகவே தைக்கப்படுகிறது. இவற்றுக்கு மெலிந்த பொம்மைதான் வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை. கடைக்காரர்கள் அடுத்த முறை பொம்மை வாங்கும்போது, நம் அம்மாமார், மாமிமாரின் உடல்வாகில் ஒன்றையாவது வாங்கி வாசலில் நிறுத்த வேண்டும்.