புதிய கிரிக்கெட் மட்டையை நேராகத் திடலுக்குக் கொண்டு போகாதீர்கள்

பாகான் செராய் – எங்கள் குழுவின் முதல் நல்ல மட்டை இரண்டே ஓவருக்குத்தான் தாக்குப்பிடித்தது.

அப்போது எனக்கு 17 வயது. தென்னை மட்டையில் தொடங்கி, பலகையில் செதுக்கியது, பிறகு டேப் சுற்றிய டென்னிஸ் பந்துக்கான மலிவு மட்டை என்று ஆடிக்கொண்டிருந்த நாங்கள், பக்கத்து ஊர்க் குழுவுடன் தோல் பந்தில் ஒரு போட்டிக்கு ஒப்புக்கொண்டோம். பள்ளி விடுமுறையில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய காசு, அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய காசு, வேலைக்குப் போகும் ஓர் அண்ணன் சம்பளத்திலிருந்து போட்ட காசு எல்லாம் சேர்ந்து ஒரு மட்டையானது. சனிக்கிழமை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பனி காயாத புல்லில் இறங்கிவிட்டோம். காலடியில் வந்து விழுந்த பந்தைத் தடுத்தபோது 'சடக்' என்று ஒரு சத்தம். மட்டையின் அடிமுனை இரண்டாகப் பிளந்திருந்தது.

பந்து வீசியவனைத் திட்டினோம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோம். "எல்லார் கண்ணும் பட்டிருக்கும்" என்றார் பாட்டி. குறை எங்களிடம்தான் இருந்தது என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

நல்ல மட்டை ஒன்றுக்குச் சில நூறு ரிங்கிட் ஆகிறது. உயர்தர இங்கிலாந்து மட்டை ஆயிரம் ரிங்கிட்டையும் தாண்டும். தோட்டத்திலும் தாமானிலும் வாழும் ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனால் அந்த மட்டையைக் காப்பாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. மட்டைகள் பிளப்பதற்குப் பந்தின் வேகத்தைவிட நம் அவசரமும் ஈரமும்தான் பெரிய காரணம்.

*மட்டைக்குள் என்ன இருக்கிறது?*

தமிழில் 'மட்டை' என்றால் முதலில் தென்னை, பனை ஓலையின் தண்டுதான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் கிரிக்கெட் மட்டையும் அதுவே. கடையில் வாங்கும் மட்டை வேறு மரம். அதன் தகடு வில்லோ என்ற மரத்தால் ஆனது. எடை குறைந்த, மென்மையான மரம். பந்து வேகமாக மோதும்போது நார்கள் அமுங்கி, மீண்டும் எழும்பித் தள்ளும். அந்தத் துள்ளல்தான் பந்தை எல்லைக்கோட்டுக்கு அனுப்புகிறது.

இந்த மரம் முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று இங்கிலாந்து. மற்றொன்று காஷ்மீர். அங்கே அனந்த்நாக் மாவட்டத்தின் சங்கம், பிஜ்பெஹாரா பகுதிகளில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மட்டைப் பட்டறைகள். காஷ்மீர் மரம் சற்றுக் கடினம், கனமும் கூடுதல், விலையோ குறைவு. இங்கிலாந்து மரம் மென்மை, துள்ளல் அதிகம், விலையும் அதிகம்.

மரம் வேண்டாம், உலோகத்தில் செய்துவிடலாமே என்று யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1979 டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களம் இறங்கினார். அது பந்தைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிரேர்லி முறையிட்டார். லில்லி கோபத்தில் அந்த மட்டையைத் திடலிலேயே வீசி எறிந்துவிட்டு மர மட்டைக்கு மாறினார். அதன் பிறகு, தகடு மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. ஆகவே கிரிக்கெட் இருக்கும்வரை மர மட்டையைப் பராமரிக்கும் வேலையும் இருக்கும்.

கைப்பிடியில்தான் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அது வில்லோ அல்ல, பிரம்பு. நம் வட்டாரத்துக் காடுகளில் விளையும் பிரம்பு அதற்குப் பேர்போனது. 'சரவாக் பிரம்பு' என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். பிரம்புத் துண்டுகளுக்கு இடையில் அதிர்வைத் தாங்க ரப்பர் பட்டைகள் வைத்து ஒட்டுகிறார்கள். மேலே மாட்டும் உறையும் ரப்பர்தான். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தின் பொருள், மட்டையைப் பிடிக்கும் கையை வலிக்காமல் காக்கிறது.

*புது மட்டை ஏன் பிளக்கிறது?*

தோல் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கல் மாதிரிக் கெட்டி. புது மட்டையின் முகத்தைத் தொழிற்சாலையில் இயந்திரத்தால் அழுத்தித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் மேல் நார்கள் முழுமையாக இறுகியிருக்காது. முக்கியமாக இரு விளிம்புகளும், தரையைத் தொடும் அடிமுனையும் பலவீனமாகவே இருக்கும். அங்கே புதுப் பந்து மோதினால் நார் கிழியும். அதனால்தான் மட்டையைப் 'பழக்க' வேண்டும் என்கிறார்கள். இரண்டு வேலைகள்: எண்ணெய் தடவுவது, தட்டுவது.

*எண்ணெய்: ஒரு தேக்கரண்டி போதும்*

மட்டைக்கு ஏற்றது ஆளி விதை எண்ணெய். விளையாட்டுப் பொருள் கடைகளில் மட்டை எண்ணெய் என்று கேட்டால் கிடைக்கும். காய்ச்சாத, பச்சை எண்ணெயாக இருக்க வேண்டும். மரச் சாமான்களுக்கு விற்கும் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய், இயந்திர எண்ணெய் எதுவும் கூடாது.

முதலில் மட்டையைப் பாருங்கள். முகத்தில் பளபளப்பான ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் அதன் வழியே எண்ணெய் இறங்காது. அப்படியானால் வெறும் மரம் தெரியும் இடங்களில் மட்டும் தடவலாம். ஒட்டுத்தாள் இல்லாவிட்டால், சுத்தமான துணியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு முகம், விளிம்பு, அடிமுனை, பின்புறம் எங்கும் மெல்லியதாகத் தேய்க்கவும். கைப்பிடியிலும், கைப்பிடி தகட்டுக்குள் இறங்கும் 'வி' வடிவப் பொருத்திலும் எண்ணெய் படக் கூடாது. அங்கே உள்ள பசை இளகிவிடும். பின் மட்டையைப் படுக்க வைத்து ஒரு நாள் விடவும். மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. புது மட்டைக்கு இது போதும்.

அந்தக் காலத்தில் மட்டையை எண்ணெயில் நிறுத்தி வைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் மிஞ்சினால் மட்டை கனத்துப்போகும், துள்ளலும் மங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. துணியை வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

*தட்டுவது: பொறுமைக்குச் சோதனை*

எண்ணெய் காய்ந்ததும் தட்டத் தொடங்கலாம். இதற்கென்று மரச் சுத்தியல் விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் பழைய தோல் பந்து ஒன்றைப் பழைய காலுறைக்குள் போட்டு அதைக் கொண்டு தட்டலாம். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது.

முகத்தில் மெதுவாகத் தொடங்கி, நாள் போகப் போக வேகத்தைக் கூட்டவும். ஓரத்துக்கு வரும்போது விளிம்பை நேராக அடிக்காமல், சாய்வாகத் தட்டி அதன் கூர்மையை உருட்ட வேண்டும். அடிமுனையின் முன்பக்க ஓரத்தையும் அப்படியே செய்ய வேண்டும். தரையைத் தொடும் அடிப்பகுதியை மட்டும் நேராக அடிக்கக் கூடாது. பிளப்பதே அங்கேதான்.

மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தட்ட வேண்டும். தினமும் அரை மணி நேரம் என்றால் 12 நாள். சத்தம் பலமாக இருக்கும். இரட்டை மாடி வரிசை வீடுகளில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டார் தூங்கும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

பிறகு ஒரு சோதனை. பழைய பந்தை நண்பரை மெதுவாகப் போடச் சொல்லி அடித்துப் பாருங்கள். பந்தின் தையல் தடம் மட்டையில் ஆழமாகப் பதிந்தால் மட்டை இன்னும் பழகவில்லை. திரும்பவும் சுத்தியலுக்கே போகவும். தடம் லேசாக இருந்தால் சில நாள் பழைய பந்தில் ஆடிவிட்டு, புதுப் பந்துக்குப் போகலாம். 'முன்பே பழக்கியது' என்று எழுதி விற்கும் மட்டைகளையும் ஓரிரு மணி நேரம் தட்டுவது நல்லது.

டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடுபவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் டென்னிஸ் பந்து மட்டையைத் தோல் பந்துக்குக் கொண்டு போகக் கூடாது.

*நம் ஊர் ஈரம்*

மட்டைப் பராமரிப்பு பற்றிய குறிப்புகள் பல, குளிர்காலத்தில் காற்று வறண்டுபோகும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே மரம் காய்ந்து வெடிக்குமோ என்று அஞ்சி அடிக்கடி எண்ணெய் தடவச் சொல்வார்கள். நம் ஊர் அப்படியல்ல. கிரியான் வட்டாரம் 1906இல் பெரும் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்த காலத்திலிருந்து வாய்க்காலும் வயலுமாக இருக்கும் பூமி. காற்றே நனைந்திருக்கும். இங்கே முகம் வெளுத்து, வறண்டு தெரிந்தால் மட்டும் லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது அடிமுனை. அங்கேதான் நார்களின் வெட்டுவாய் திறந்திருக்கிறது. ஈரப் புல்லில் மட்டையை ஊன்றி நின்றால் தண்ணீரை உறிஞ்சி அடிமுனை உப்பும். உப்பிய மரத்தில் காலடிப் பந்து மோதினால் பிளக்கும். எங்கள் மட்டைக்கு நடந்தது அதுதான்: பழக்காத மரம், காலைப் பனி, காலடிப் பந்து.

அடிமுனைக்கு ரப்பர் காப்பு ஒன்று ஒட்டிவிடுங்கள். விலை சில ரிங்கிட்தான். ஆட்டம் முடிந்ததும் மட்டையைத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். நனைந்த மட்டையை உறைக்குள் போட்டு மூடாதீர்கள். சிமெண்டுத் தரையில் நேராக ஊன்றி வைக்க வேண்டாம். நனைந்த பந்தில் நல்ல மட்டையைப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொரு பக்கம், வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியிலும், தகரக் கூரைக்கு அடியிலும் வைத்தால் மரம் காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியிலோ படுக்க வைப்பதே நல்லது.

*விரிசல் வந்தால்?*

முகத்தில் மயிரிழை போன்ற கோடுகள் வருவது இயல்பு. அதற்காக மட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். மணல்தாளால் லேசாகத் தேய்த்து, மரப்பசையை உள்ளே இறக்கி, காய்ந்த பின் நார் டேப் ஒட்டி ஆடலாம். விளிம்பில் சிம்பு எழுந்தாலும் இதே வைத்தியம். விரிசலோடு தொடர்ந்து ஆடினால்தான் அது பெரிதாகும்.

கைப்பிடி ஆடினால், அல்லது அது தகட்டில் இறங்கும் இடத்தில் விரிசல் வந்தால், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். தகடு நன்றாக இருந்தால் கைப்பிடியை மட்டும் மாற்ற முடியும். தகட்டின் குறுக்கே விரிசல் ஓடினால் அந்த மட்டையை விட்டுவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே துண்டு பறந்து யார் முகத்திலாவது படலாம்.

லண்டன் ஓவல் திடலில் 1729ஆம் ஆண்டைச் சேர்ந்த மட்டை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஹாக்கி மட்டை போல வளைந்த மரத்துண்டு அது. கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் கடந்தும் இருக்கிறது. நாம் கேட்பது நான்கைந்து பருவங்கள்தான்.

எங்கள் பிளந்த மட்டைக்குப் பசை போட்டு, டேப் சுற்றி, டென்னிஸ் பந்துக்கு வைத்துக்கொண்டோம். காசு போட்ட அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மட்டைக்குக் காசு கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. தோல் பந்துப் போட்டியும் அந்த ஒன்றோடு நின்றுபோயிற்று.

உங்கள் பிள்ளை மட்டை கேட்டால், போட்டிக்கு முதல் நாள் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூன்று வாரம் முன்னதாக, கூடவே ஒரு சின்னப் புட்டி எண்ணெயும் அடிமுனைக் காப்பும் சேர்த்து வாங்குங்கள். முதல் நாள் எண்ணெய் தடவும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.