1.4435 கேட்டால் 316எல் தரலாமா?

ஜெர்மனியிலிருந்து வந்த ட்ராயிங்கில் 1.4435 என்று இருக்கிறது. கடையில் விசாரித்தால், "அது நம்ம 316எல்தான் சார்" என்கிறார்கள். பாதி உண்மை. மீதியை ஆர்டர் போடும் முன் பார்த்துவிட வேண்டும்.

முதலில் எண்ணைப் படியுங்கள். 1.4435 என்பது ஒரு துருப்பிடிக்காத உருக்கின் ஐரோப்பிய எண். அதன் நீளப் பெயர் எக்ஸ்2 சிஆர்என்ஐஎம்ஓ 18-14-3. கார்பன் 0.02, குரோமியம் 18, நிக்கல் 14, மாலிப்டினம் 3 சதவீத வாக்கில் என்று பெயரே சொல்லிவிடும். அமெரிக்க யுஎன்எஸ் முறையில் 316எல் என்பது எஸ்31603, ஜப்பானில் எஸ்யுஎஸ்316எல்.

அடுத்து இணை கிரேடு அட்டவணை. 316எல்லுக்கு எதிரே 1.4404 இருக்கும், சில அட்டவணைகளில் 1.4432, 1.4435 இரண்டும் கூடவே நிற்கும். ஒன்றுக்கு மூன்று வந்தாலே உஷாராகிவிடுங்கள்.

இனிதான் வேலை. இரு தரநிலைகளின் வரம்புகளையும் எதிரெதிரே எழுதுங்கள். தகட்டுக்கான ஏஎஸ்டிஎம் ஏ240-இல் 316எல்லுக்குக் குரோமியம் 16–18, நிக்கல் 10–14, மாலிப்டினம் 2–3 சதவீதம். 1.4435-க்கு முறையே 17–19, 12.5–15, 2.5–3. இரண்டுக்கும் பொதுவான இடம் குறுகியது: குரோமியம் 17–18, நிக்கல் 12.5–14, மாலிப்டினம் 2.5–3. அதற்குள் விழுந்த உருக்கு இரண்டு பெயருக்கும் பொருந்தும். நிக்கலும் மாலிப்டினமும் விலை கூடியவை. ஆகவே சந்தையில் கிடைக்கும் 316எல் பெரும்பாலும் கீழ் வரம்பை ஒட்டியே உருக்கப்படும். மாலிப்டினம் 2.05 உள்ள தகடு அசல் 316எல்தான், ஆனால் 1.4435 ஆகாது.

அதனால் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் தகட்டில் அச்சிட்டிருப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகே சதவீதங்களைச் சரிபாருங்கள். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி மாலிப்டினத்தை நொடிகளில் காட்டிவிடும், கார்பனைக் காட்டாது. 316-ஆ 316எல்லா என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெல்டிங் வேலைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். கார்பன் கூடினால் வெல்டு ஓரம் அரிக்கும்.

வலிமையையும் விட்டுவிடாதீர்கள். ஏ240-இல் 316எல்லுக்குக் குறைந்தபட்ச ஈல்டு 170 எம்பிஏ. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 10088-2-இல் குளிர்உருட்டிய 1.4435 தகட்டுக்கு 240.

பர்ச்சேஸ் ஆர்டரில் "316எல் அல்லது அதற்கு இணையானது" என்று எழுதாதீர்கள். 1.4435 என்றும், இஎன் 10088-2 என்றும், மாலிப்டினம் குறைந்தது 2.5 என்றும் எழுதுங்கள்.