பச்சை ஆமை வந்தால் என்ன செய்வது? லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்!

கீழக்கரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா துபாயில் இருக்கிறார். உம்மாவுக்கு லேப்டாப்பை இயக்கத் தெரியாது. ஆனால், அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது அத்துப்படி. மூத்த மகளின் கல்யாண போட்டோக்கள், வாப்பாவின் விசா பேப்பர்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். வீட்டில் இருப்பதே அந்த ஒரு லேப்டாப். இளைய மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. லினக்ஸில் புரோகிராம் எழுதிப் பழகிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக வந்தாயிற்று. இப்போது திரையில் ஒரு வரி. 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்.' அதாவது, டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றலாமா என்று கேட்கிறது.

"ராத்தா, அதை அமுக்கிடாதே... கல்யாண போட்டோ எல்லாம் போயிடும். உம்மா ஏசுவாங்க!" என்று அலறுகிறான் தம்பி.

அவன் பயம் நியாயமானதுதான். லினக்ஸை நேரடியாக லேப்டாப்பில் ஏற்றும்போது இந்த ஒரு பட்டனில் தவறினால், விண்டோஸோடு சேர்ந்து எல்லாமே காலி. ஆனால், ராத்தா தேர்ந்தெடுத்திருப்பது வேறு வழி. விர்ச்சுவல் மெஷின். லேப்டாப்புக்குள் ஒரு சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர், அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குள் லினக்ஸ்.

வீட்டோடு மாப்பிள்ளை

லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸுக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். வீட்டுக்காரர். உள்ளே வரும் லினக்ஸ் 'கெஸ்ட்'. விருந்தாளி. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்கும் வழக்கமுள்ள கீழக்கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். மாப்பிள்ளைக்கு என்று வீட்டுக்குள் தனியாக ஓர் அறை. அந்த அறையில் அவர் ராஜா. ஆனால், அறைக்கு வெளியே இருக்கும் பீரோவை அவரால் திறக்க முடியாது.

யோசனை புதிதல்ல. 1960-களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம், ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள்போல நடிக்கவைத்தது. வீட்டு லேப்டாப்புகளுக்கு அது எளிதாக வந்து சேர, இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்பாக்ஸ் ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கியது. 2008-ல் சன் நிறுவனத்துக்கும், 2010-ல் ஆரக்கிளுக்கும் கை மாறியது.

இதில் லினக்ஸை ஏற்றும்போது தகராறு வந்தால் பெரும்பாலும் தப்பு லினக்ஸ் மீது இருக்காது. வீட்டுக்காரர் அறைக் கதவைத் திறந்திருக்க மாட்டார். அல்லது, அறை போதாமல் இருக்கும்.

பூட்டிய கதவு

முதல் தகராறு இதுதான். வெர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் 64-பிட் லினக்ஸே காட்டாது, 32-பிட் மட்டும் இருக்கும். அல்லது, 'விடி-எக்ஸ் டிஸேபிள்ட்' என்று திட்டிவிட்டு நின்றுவிடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி தெரியும். 'டிஸேபிள்ட்' என்று இருந்தால் கதவு பூட்டியிருக்கிறது.

சாவி இருப்பது பயாஸில். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், ஏசர் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். இன்டெல் லேப்டாப்பில் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி-யில் 'எஸ்விஎம் மோட்' என்று இருப்பதை 'எனேபிள்' செய்து, சேவ் செய்து வெளியே வர வேண்டும். பயாஸைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் சிலவற்றில் டிஸ்க் முழுக்கப் பூட்டு போடப்பட்டிருக்கும். பயாஸில் மாற்றம் செய்தால் 'பிட்லாக்கர் ரெகவரி கீ' கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

மன்னார் வளைகுடா ஆமை அல்ல!

கதவு திறந்துவிட்டது. லினக்ஸும் கிளம்பிவிட்டது. ஆனால், மவுஸை நகர்த்தினால் அம்பு பத்து செகண்ட் கழித்து நகர்கிறது. வெர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு குட்டிப் பச்சை ஆமை.

"ராத்தா, ஆமை வந்திருக்கு!"

கடலுக்குள் ஆமை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் 'ஹைப்பர்-வி' என்ற வசதி, பிராசஸரின் அந்தக் கதவை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, வெர்ச்சுவல்பாக்ஸ் சுற்று வழியில் நடந்துபோகிறது என்பதுதான் ஆமையின் அர்த்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'ஹைப்பர்-வி', 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' ஆகியவற்றின் டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் ஆமை ஓடிவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது வைரஸ்களைத் தடுக்கும் ஒரு காவல். வாப்பாவின் பேப்பர்களும் வங்கி வேலையும் இருக்கும் லேப்டாப்பில், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று ஆமையோடு வாழ்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பாதியில் நின்ற டவுன்லோடு

'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்' என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால், லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை உள்ளே செருகவே இல்லை என்று அர்த்தம். 'செட்டிங்ஸ்' போய், 'ஸ்டோரேஜ்' பகுதியில் சிடி படத்தைத் தொட்டு ஃபைலைக் காட்ட வேண்டும். செருகியும் அதே கதை என்றால், ஃபைலிலேயே கோளாறு. உபுண்டு 24.04-ன் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 6 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில், போன் ஹாட்ஸ்பாட்டில் நாலைந்து நாள் இழுத்தால் நடுவில் எங்காவது அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸ் தளங்கள் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'எஸ்ஹெச்ஏ-256' என்ற நீண்ட கைரேகை எண் கொடுக்கின்றன. விண்டோஸில் உள்ள 'செர்ட்யூடில்' கட்டளையால் நம் ஃபைலின் கைரேகையை எடுத்து ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் திரும்ப டவுன்லோடு செய்வதுதான் வழி. அந்த ஃபைலோடு மல்லுக்கட்டி ஒரு ராத்திரியை வீணாக்க வேண்டாம்.

'ஏஆர்எம்64' என்று பெயரில் உள்ள ஐஎஸ்ஓவைத் தவறுதலாக எடுத்துவிட்டு முழிப்பவர்களும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்குமே வேண்டியது 'ஏஎம்டி64'.

அறை எவ்வளவு பெரிது?

இன்ஸ்டால் பாதியில் உறைந்து நின்றால் ராம் போதவில்லை. உபுண்டுவுக்கு 4 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க் கொடுப்பது நல்லது. மொத்த லேப்டாப்பிலேயே 4 ஜிபிதான் என்றால் உபுண்டுவை மறந்துவிட்டு, லுபுண்டு போன்ற லேசான லினக்ஸுக்கு 2 ஜிபி கொடுக்கலாம். ராம் கொடுக்கும் இடத்தில் பச்சை, சிவப்பு என்று கோடு இருக்கும். சிவப்புக்குப் போனால் வீட்டுக்காரரே மூச்சுமுட்டிப் படுத்துவிடுவார்.

அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. யாரும் அழிக்காமல் இருந்தால் இன்னும் அதில் இருக்கும். 2 ஜிபி ராம் உள்ள அந்தப் பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது பாவம். ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுத்தாலே பாடம் நடக்கும்.

அந்தப் பட்டன்

'எரேஸ் டிஸ்க்' திரைக்கு வருவோம். அந்த வரி வெர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலுக்கு உள்ளேதான் தெரிகிறதா, சுற்றிலும் விண்டோஸ் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தால், அந்த லினக்ஸுக்குத் தெரிந்த டிஸ்க் ஒன்றே ஒன்றுதான். ராத்தா உருவாக்கிக் கொடுத்த 25 ஜிபி பொய் டிஸ்க். விண்டோஸின் பார்வையில் அது ஒரு ஃபைல், அவ்வளவே. அதைத்தான் அழிக்கப்போகிறது. டிஸ்க்கின் அளவும் திரையிலேயே இருக்கும். 25 என்று காட்டினால் தைரியமாக அமுக்கலாம். லேப்டாப்பின் முழு அளவான 256 அல்லது 512 என்று காட்டினால் கையை எடுத்துவிட வேண்டும்.

"இருபத்தஞ்சுன்னுதான் போட்டிருக்கு" என்கிறான் தம்பி, மூக்கு திரையில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து.

ராத்தா அமுக்குகிறாள். அரை மணி நேரம். முடிந்து ரீஸ்டார்ட் ஆனால், திரும்பவும் இன்ஸ்டால் செய்யவா என்று முதலிலிருந்து கேட்கிறது! பலர் இங்கேதான் இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சிடி இன்னும் உள்ளேயே இருக்கிறது. மெஷினை அணைத்து, ஸ்டோரேஜ் பகுதியில் ஐஎஸ்ஓவை எடுத்துவிட்டால் போதும்.

வெர்ச்சுவல்பாக்ஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். தானே இன்ஸ்டால் செய்துகொள்ளும் வசதியை அணைக்காமல் விட்டிருந்தால், நாம் வைக்காத பாஸ்வேர்டை லினக்ஸ் கேட்கும். அது வழக்கமாக 'சேஞ்ச்மீ'. அப்படி வந்தவர்களுக்கு 'சூடோ' கட்டளையும் வேலை செய்யாமல் போகலாம். மெஷினை உருவாக்கும்போதே அந்த வசதியை அணைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. திரை தபால் தலை அளவில் இருந்தால், 'டிவைசஸ்' மெனுவில் உள்ள 'கெஸ்ட் அடிஷன்ஸ்' போட்டதும் விரியும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவைக்க வேண்டும். நாளைக்கு எதையாவது தட்டி லினக்ஸ் கெட்டுப்போனால், ஒரே கிளிக்கில் இன்றைய நிலைக்குத் திரும்பலாம். போட்டோக்களுக்கு ஸ்னாப்ஷாட் பாதுகாப்பு தராது. அவற்றை ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்துவைப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

அடுப்படியிலிருந்து உம்மா வந்து எட்டிப் பார்க்கிறார். திரையில் ஏதோ புதிதாக இருக்கிறது.

"போட்டோ எல்லாம் இருக்காம்மா?"

ராத்தா ஜன்னலைச் சுருக்கிவிட்டு, கல்யாண ஃபோல்டரைத் திறக்கிறாள். உம்மா உட்கார்ந்துவிட்டார். இனி இன்றைக்கு லினக்ஸ் பாடம் நடக்காது.