கேக்கின் மேல் பூசுவது என்ன? தாய்மார்கள் கவனத்துக்கு



பிள்ளைகள் கார்ட்டூன் உருவம் போட்ட கேக் கேட்கிறார்கள். கடையில் ஆர்டர் கொடுத்தால் விலை கையைக் கடிக்கிறது. அதனால் நம் மஹல்லா தாய்மார்கள் பலர் வீட்டிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பிறந்த நாள் கொண்டாடலாமா, உருவம் வரையலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். செய்வதென்று முடிவெடுத்த வீட்டில் கேக்கின் மேல் என்ன பூசப்படுகிறது என்பதை மட்டுமே இங்கே சொல்ல வருகிறோம்.

மாவு, முட்டை, சர்க்கரை எல்லாம் நமக்குத் தெரிந்த சரக்கு. தெரியாதவை அலங்காரத்தோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. சப்பாத்தி மாவு போலத் திரட்டி மூடும் ஃபாண்டன்ட்டில் ஜெலட்டின் இருக்கலாம். மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது அது, பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். நம் நாட்டுப் பாக்கெட் என்றால் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் இருந்தால் ஹலால் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். சிவப்பு, ரோஸ் நிறங்களில் 120 என்ற எண் இருந்தால் அது கார்மைன், அதாவது உலர்த்திய பூச்சியிலிருந்து எடுத்த சாயம். லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் கலர் பொடியைத் தொடவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது, துணிச் சாயமான ரோடமைன்-பி அதில் இருந்ததால்தான்.

அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டுதான். அவற்றுக்கும் ஒரு கிலோ உணவில் 100 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். வெள்ளை கிரீமை அடர் சிவப்பாகவோ கறுப்பாகவோ மாற்ற நினைத்தால் பாட்டில் பாதி காலியாகிவிடும். வீட்டில் அளவு மீறுவது அங்கேதான். எனவே அடர் நிறம் குறைவாக உள்ள உருவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எங்கள் யோசனை டோரேமான். முகம் முழுக்க வட்டங்கள்தான், சித்திரம் வரையத் தெரிய வேண்டியதில்லை.

நீலத்துக்குச் சங்குப்பூ இருக்கிறது. காம்பை நீக்கி, நீல இதழ்களை மட்டும் நிழலில் காய வைத்து மிக்ஸியில் பொடித்துச் சலியுங்கள். அடித்த விப்பிங் கிரீமில் சிறிது சிறிதாகச் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள், நிறம் ஏறும். கடை நீலம் போலப் பளிச்சென்று வராது. சற்று மங்கலாகத்தான் இருக்கும், பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. வெண்ணெய் கிரீமில் கலந்தால் வெண்ணெயின் மஞ்சளோடு சேர்ந்து பச்சையடிக்கும். எலுமிச்சையோ தயிரோ பட்டால் ஊதாவாகிவிடும்.

வட்ட கேக் முழுக்க முதலில் மெல்லிசாகக் கிரீம் பூசி, உதிரும் தூளை அதிலேயே ஒட்ட வையுங்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு நீலத்தைப் பூசி, மறுபடி குளிர விடுங்கள். ஒரு சிறு தட்டை லேசாகப் பதித்து எடுத்தால் முகத்துக்கான வட்டம் கிடைக்கும். அதற்குள் வெள்ளை கிரீம், மேலே இரண்டு கண்கள். கறுப்புக் கோடுகளுக்குச் சாயம் எதற்கு? டார்க் சாக்லேட்டை உருக்கி, பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதில் ஊற்றி, நுனியை மெல்ல வெட்டினால் மீசை, வாய், கண்மணி எல்லாம் வரையலாம். மூக்குக்குச் சுண்டக் காய்ச்சிய பீட்ரூட் சாறு கலந்த கிரீம் ஒரு சொட்டு, ரோஸாகத்தான் வரும். கழுத்து மணிக்குச் சிட்டிகை மஞ்சள்தூள். பாட்டிலில் வரும் செர்ரிப் பழமும் சாயம் ஏற்றியதுதான், மறந்துவிடாதீர்கள்.

மினுமினுக்கும் தூள் டப்பாவில் ‘நச்சற்றது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தின்னத் தகுந்தது என்று பொருளல்ல. உண்ணத் தக்கது என்ற வாசகமும் சேர்மானப் பட்டியலும் இல்லாவிட்டால் வேண்டாம். வெள்ளி நிற மிட்டாய் உருண்டைகள் கல் போலக் கடினம். சிறு குழந்தைகள் தொண்டையில் சிக்கும். சிறு பொம்மைகளும் அப்படியே.

நம் ஊர் வெயிலில் கிரீம் வெளியே நெடுநேரம் நிற்காது. விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். அடுக்குகள் சரியாமலிருக்கப் பல்குச்சி குத்தியிருந்தால், குத்தும்போதே எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் துண்டு போவதற்கு முன் அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று பெரியவர் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.