13 வெற்றி, 13 வெற்றி, ஒரே ஒரு டிரா: மானாவாரி வீட்டுக்கு ஒரு ஃபுட்பால் சீசன் சொல்லித் தரும் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் இருந்து நம்ம சேனல் பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "மாசச் சம்பளக்காரனுக்கு எஸ்ஐபி, ஆர்டின்னு சொல்றீங்க. எங்களுக்கு வருஷத்துல ஒரு தடவைதான் காசு வருது, அதுவும் மழை பெய்ஞ்சாத்தான். நாங்க எப்படிச் சேமிக்கிறது?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல, இந்த வாரம் ஒரு ஃபுட்பால் சீசனை எடுத்துக்கிறேன். விளையாட்டு பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடைசியில நம்ம கரிசல் காட்டுக்குத்தான் வந்து சேரப் போறோம்.

2018-19 ஐ-லீக்: நம்ம ஊர் அணி ஜெயிச்ச வருஷம்

அப்போ இந்தியாவில் ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்று இரண்டு தேசிய லீக்குகள் முதல் நிலையில் ஓடிக்கொண்டிருந்தன. ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி. பேர்தான் சென்னை, ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். அதற்கு முந்தைய சீசனில் 10 அணிகளில் 8-வது இடம். பெரிசா யாரும் எதிர்பார்க்கவில்லை.

2018 அக்டோபர் 26-ம் தேதி சீசன் ஆரம்பம். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று அடித்தார்கள். 2019 மார்ச் 9-ம் தேதி சீசன் முடிவு. தேதியைக் கவனிச்சீங்களா? ஐப்பசியில் ஆரம்பித்து மாசியில் முடிந்திருக்கிறது. நம்ம மானாவாரி வெள்ளாமையும் அதே கணக்குத்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைச்சு, தை, மாசியில் காசாக்குகிறோம்.

11 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டம். ஜெயிச்சா 3 புள்ளி, டிரா ஆனா 1 புள்ளி, தோத்தா ஒண்ணும் கிடையாது. கடைசி நாள் வரைக்கும் சாம்பியன் யாருன்னு தெரியலை. அன்று கோவையில் மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோல், கௌரவ் போரா இரண்டு கோல். 3-1 வெற்றி. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆனாலும் கோப்பை தமிழ்நாட்டுக்குத்தான் வந்தது. ஐ-லீக்கை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு அணி இதுதான்.

இப்போ புள்ளிப் பட்டியலைப் பாருங்க.

சென்னை சிட்டி: 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மொத்தம் 43.
ஈஸ்ட் பெங்கால்: 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. மொத்தம் 42.

ரெண்டு பேரும் ஜெயிச்ச ஆட்டம் ஒரே எண்ணிக்கை. வித்தியாசம் எங்கே? ஈஸ்ட் பெங்கால் தோத்தது நாலு, சென்னை சிட்டி தோத்தது மூணு. ஒரு தோல்வி டிராவா மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்த ஒரு புள்ளிதான் கோப்பை.

நம்ம வீட்டுக் கணக்கில் டிரா என்றால் என்ன?

மானாவாரி வீட்டுக்கு மூணு வகை வருஷம் வரும். மழை நல்லாப் பெய்ஞ்சு, விலையும் கிடைச்சா அது வெற்றி வருஷம். மழை பொய்ச்சு, நகையை அடகு வெச்சு, வட்டிக்கும் வாங்கினா தோல்வி வருஷம். மூணாவது ஒண்ணு இருக்கு. வெள்ளாமை போச்சு, ஆனா புதுசா ஒரு ரூபாய் கடன் ஆகலை. அதுதான் டிரா.

மழையை வர வைக்க நம்மால் முடியாது. ஆனா தோல்வி வருஷத்தை டிரா வருஷமா மாத்துறது பெரும்பாலும் நம்ம கையில இருக்கு. அதுக்கான வேலையை முந்தைய நல்ல வருஷத்திலேயே செஞ்சிருக்கணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கு, உங்க எண்ணைப் போட்டு மாத்திக்குங்க. நாலு ஏக்கர் புஞ்சை. நல்ல வருஷம் செலவு போக கையில் நிற்பது 1,60,000 ரூபாய். மோசமான வருஷம் 10,000. வீட்டுச் செலவில் வெள்ளாமைக் காசு தாங்க வேண்டிய பங்கு வருஷத்துக்கு 80,000.

நல்ல வருஷத்தில் மிச்சம் 80,000. மோசமான வருஷத்தில் துண்டு விழுவது 70,000.

முதல் வீட்டுக்காரர் அந்த 80,000-ஐ பைக்குக்கு முன்பணம், காது குத்து விசேஷம்னு செலவழிச்சிட்டார். அடுத்த வருஷம் மழை இல்லை. 70,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்குறார். மாசம் 1,400, வருஷத்துக்கு 16,800 வட்டி. அசலை அடைக்க ரெண்டு வருஷம் ஆச்சுன்னா வட்டி மட்டும் 33,600. அதாவது அடுத்து வரப் போற நல்ல வருஷத்தின் மிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை இப்பவே போயிடுச்சு.

ரெண்டாவது வீட்டுக்காரர் 80,000-ஐத் தொடாம வெச்சிருந்தார். 70,000 எடுத்துச் செலவு பண்ணினார். மீதி 10,000 இன்னும் கையில் இருக்கு. கடன் இல்லை, வட்டி இல்லை. அவர் ஜெயிக்கலை, ஆனா தோக்கவும் இல்லை.

ரெண்டு பேருக்கும் ஒரே மழை, ஒரே மண்ணு. வித்தியாசம் ஒரு டிரா.

கோப்பைக்கு அடுத்த வருஷம் என்ன ஆச்சு?

இந்தக் கதையில் முக்கியமான பாதி இனிமேல்தான்.

சென்னை சிட்டிக்கு அந்த சீசன் எல்லாமே கூடி வந்த வருஷம். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 2019 ஜனவரியில் 26% பங்கு வாங்கியது. மான்சி 21 கோல் அடித்தார். ஐ-லீக் சாம்பியனுக்குப் பரிசு 1 கோடி ரூபாய்.

ஆனா அதே 2019-ல் ஏணியே இடம் மாறிப்போச்சு. 2019-20 முதல் ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று முடிவானது. ஐ-லீக் அதற்குக் கீழே போய்விட்டது. ஐ-லீக்கை ஜெயித்தால் மேலே போகலாம் என்ற வழியும் அப்போது கிடையாது. சாம்பியன் அணி, ஒரு ஆட்டம்கூடத் தோற்காமலே ஒரு படி கீழே நின்றது.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 1-0 தோல்வி. மான்சி அந்த சீசன் நடுவிலேயே ஜப்பானுக்குப் போனார். எட்வின் வான்ஸ்பால் போன நம்ம ஊர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூணு வருஷம்கூட முழுசா ஆகவில்லை.

அந்த கிளப்பின் வரவு செலவுக்குள்ள நான் போகலை. வெளியே தெரிகிற விஷயமே நமக்குப் போதும். அவங்க விளையாட்டு சரியாத்தான் இருந்தது, சுத்தி இருந்த விதி மாறிப்போச்சு. நமக்கும் அப்படித்தான். மக்காச்சோளம் நல்லா விளைஞ்ச வருஷம் படைப்புழு வரலாம். பருத்தி வெடிச்சு நிக்கும்போது விலை சரியலாம். நல்ல வருஷத்தைப் பார்த்து, இனிமே எல்லா வருஷமும் இப்படித்தான்னு செலவை ஏத்திக்கிட்டா, அதுக்கப்புறம் இறக்குறது ரொம்பக் கஷ்டம்.

இங்கிலாந்தில் இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கடைசி மூணு அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கணும். இறங்கினதும் வருமானம் பாதாளத்துக்குப் போகும், ஆட்டக்காரர்கள் சம்பளம் மட்டும் அப்படியே நிக்கும். அதனால் அந்த அணிகளுக்கு 'பாராசூட்' பணம்னு ஒண்ணு கொடுக்கிறாங்க. டிவி வருமானத்தில் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கில், முதல் வருஷம் 55%, ரெண்டாம் வருஷம் 45%, மூணாம் வருஷம் 20%. மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்த அணிக்கு மூணாம் வருஷப் பணம் கிடையாது. விழறதைத் தடுக்க முடியாது, மெதுவா விழ வைக்கலாம்.

நம்ம மானாவாரி வீட்டுக்கு வெளியே இருந்து யாரும் பாராசூட் போட மாட்டாங்க. நாமதான் தைச்சு வெச்சுக்கணும்.

மூணு கயிறு உள்ள பாராசூட்

1. அடுத்த விதைப்புக்கான காசு. மகசூல் காசு வந்ததும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இதுதான். உழவு, விதை, உரம், களை எடுப்புக் கூலி, எல்லாம் சேர்த்து ஒரு போகத்துக்கு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அந்தத் தொகையை, ஏடிஎம் கார்டு இல்லாத தனி சேமிப்புக் கணக்கில் போடுங்க. போஸ்ட் ஆபீஸ் கணக்கும் நல்லதுதான். விதைக்கிறதுக்கே கடன் வாங்குற வீடு, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கோல் வாங்கின மாதிரி.

2. மழை இல்லாத வருஷத்துக்கான காசு. மிச்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டா போடுங்க, ஆனா ஒரே ரசீதா போடாதீங்க. 50,000 ரூபாய்னா, 10,000 வீதம் ஐந்து ரசீதாப் பிரிங்க. திடீர்னு 10,000 தேவைப்பட்டா ஒண்ணை மட்டும் உடைக்கலாம், மத்த நாலுக்கும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருத்தருக்கு 5 லட்சம் வரை காப்பீடும் இருக்கு. ஊர்ல பழக்கப்பட்டவர் நடத்துறார்னு பதிவு இல்லாத சீட்டில் இந்தக் காசைப் போடாதீங்க. இது வளர்றதுக்கான காசு இல்லை, தேவைப்படுற அன்னிக்கு கையில் இருக்க வேண்டிய காசு.

3. பயிர்க் காப்பீடும், கூட்டுறவுக் கடனும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ தானியம், பயறு, எண்ணெய் வித்துகளுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5%. பருத்தி, மிளகாய் மாதிரி பணப்பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு 5%. கணக்குக்காக ஏக்கருக்கு 20,000 காப்பீட்டுத் தொகைன்னு வெச்சா, உளுந்துக்கு 300 ரூபாய், மிளகாய்க்கு 1,000 ரூபாய். சிட்டா, விஏஓ கொடுக்கும் அடங்கல், ஆதார், பாஸ்புக் எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ பதியலாம். கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். அதனால விதைச்ச வாரமே போயிடுங்க.

ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். மகசூல் இழப்பை உங்க ஒரு காட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. அந்தப் பகுதி முழுக்க மாதிரி அறுவடை செஞ்சு பார்த்துத்தான் கணக்கு. உங்க காடு மட்டும் காய்ஞ்சா பணம் வராமல் போகலாம். அதனாலதான் இது மூணாவது கயிறு, முதல் கயிறு இல்லை.

கூட்டுறவு சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. நல்ல வருஷத்தில் காசு கையில் இருந்தும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தேதியைத் தாண்ட விடுறது, வாசல்ல வந்த பந்தை வெளியே அடிக்கிற வேலை.

ஒரே கையில் இருந்து வரும் காசு

ஐ.எஸ்.எல். மட்டும் பத்திரமா இருந்ததான்னு கேட்டா, அதுவும் இல்லை. அந்த லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2010-ல் 15 வருஷத்துக்குப் போட்டது. 2025 டிசம்பரில் முடியணும். புதுப்பிக்கிறது இழுபறியானதால், 2025 ஜூலையில் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். அந்த வருஷம் முடியும் வரை ஒரு ஆட்டம்கூட ஆரம்பிக்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி, ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. நாட்டின் பெரிய லீக், ஒரே ஒரு ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நம்ம பக்கத்து வீடுகளில் பல பேர் இதைச் சொல்லாமலே புரிஞ்சு வெச்சிருக்காங்க. அப்பா காட்டில், அம்மா தறியில், பையன் பஞ்சாலையில், வீட்டில் நாலு ஆடு, கிணறு இருந்தா கொஞ்சம் மல்லிகை. மழை பொய்ச்சாலும் தறி ஓடும், தறி நின்னாலும் ஆடு விற்கும். ஆட்டை வித்து நகையை மீட்கிற வீடு, பெரிய கிளப்பை விட நல்லா யோசிக்குது. மூணு பேரும் ஒரே மில்லில் வேலைன்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க. சம்பளம் மூணு, ஆனா வாசல் ஒண்ணுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு எடுங்க. கடைசி 10 வருஷத்தை வரிசையா எழுதுங்க. ஒவ்வொரு வருஷத்துக்கும் பக்கத்தில் வெற்றி, டிரா, தோல்வின்னு போடுங்க. தோல்வின்னு போட்ட வருஷத்தில் எவ்வளவு கடன் வாங்கினீங்க, அதுக்கு மொத்தம் எவ்வளவு வட்டி கட்டினீங்கன்னு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதுங்க. பெரும்பாலும் வீட்டம்மாவுக்குத்தான் சரியான எண் தெரியும், எந்த வளையல் எப்போ அடகுக்குப் போச்சுன்னு அவங்களுக்கு மறக்காது.

அந்த வட்டித் தொகையைக் கூட்டிப் பாருங்க. அடுத்த நல்ல வருஷத்தில் நீங்க முதலில் எடுத்து வைக்க வேண்டிய தொகை எவ்வளவுன்னு அந்த எண்ணே சொல்லிடும். நோட்டுப் போட்டதும் கமெண்டில் வெற்றி, டிரா, தோல்வி எத்தனைன்னு மட்டும் எழுதுங்க, தொகை வேண்டாம். அடுத்த வீடியோவில் அதை வெச்சே பேசுவோம்.